காரையில் அந்தப் பெரியவர் கம்பால் காட்டிய இடம் (தனியாக ப்ராஜெக்ட் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

ஓடைக்கரை:
எம்.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் வருடம். டிபார்ட்மென்டில் கொடுத்த தலைப்பை விட்டுவிட்டு நானே காரையை எடுத்தேன். போனவர்களுக்குத் தெரியும், பெரம்பலூர் பக்கம், மழை அரித்த செம்மண் ஓடைகள், களிமண்ணுக்குள் ஜிப்சம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், விரல் தடிமனுக்கு பெலம்னைட் (கணவாய் மாதிரி ஒரு பழைய கடல் உயிரியின் ஃபாசில்) காலில் இடறும். ஓடைக் கரையை அடுக்கு அடுக்காக அளந்து எந்த அடுக்கில் எந்த ஃபாசில் என்று குறிப்பதுதான் வேலை. மூன்றாம் நாள் நடுச்சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அம்மோனைட் கிடந்தது, சுருள் ஓடு உள்ள கடல் உயிரியின் ஃபாசில், அடுக்கின் வயதைச் சொல்ல உதவுவது, சுருளில் ஒரு வரி கூட உடையவில்லை. எடுத்துத் துடைத்து ‘அடுக்கு 7’ என்று எழுதிப் பையில் போட்டேன்.

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார் போல. “தம்பி, அது அங்க உள்ளது இல்ல. போன ஐப்பசி மழையில மேலருந்து உருண்டு வந்தது” என்று கம்பை நீட்டி ஒரு மேட்டைக் காட்டினார். சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு நான் பையை மூடினேன். ஏறிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை. அந்த ஒரு கல்லை வைத்துத்தான் அடுக்கு 7-க்கு வயது எழுதினேன். வைவாவில் யாரும் கேட்கவில்லை, நல்ல மார்க்கும் வந்தது. ஆறு வருடமாகிறது, அந்தக் கம்பு நீண்ட திசை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கிணற்றடி:
என்னுடையது தர்மபுரி, குடிநீரில் ஃப்ளோரைடு. அங்கே பாறையில் இருக்கும் பயோடைட், அபடைட் மாதிரிக் கனிமங்களிலிருந்து மெல்லக் கரைந்து தண்ணீரில் சேருவது. ஒரு வீட்டு போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அக்கா, “நாங்க கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம் பாப்பா, பயமில்லை” என்றார். பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான், முன்பற்களில் பழுப்புக் கோடுகள், ஃப்ளோரைடு கூடினால் வருவது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். எனக்கு அது தெரியும். ரிசல்ட் வராமல் எதையும் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ரிசல்ட் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டி வந்தது. அது தீசிஸ் அட்டவணையில் ஒரு வரியாக இருக்கிறது, அந்த வீட்டுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. நானும்தான்.

கல்சுத்தி:
பல்லாவரத்தில் சார்னகைட் என்ற பாறையை எடுத்தபோது பைமேல் எழுதிய நம்பர் வியர்வையில் அழிந்து நான்கு சாம்பிளைக் கொட்ட வேண்டியதாயிற்று. அதனால் சொல்கிறேன், இனிமேல் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பரைக் கல்லின் மேலேயே எழுதுங்கள், துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள்ளும் போடுங்கள். கையில் எடுக்கும் முன் பக்கத்தில் சுத்தியல் வைத்து போட்டோ, எடுத்த பிறகு அந்தக் குழியையும் ஒரு போட்டோ. ஜிபிஎஸ் மட்டும் போதாது, செங்குத்தான கரையில் ஒரே புள்ளிக்குள் மூன்று அடுக்கு வந்துவிடும், கரையின் அடியிலிருந்து டேப் பிடித்து அளங்கள். கீழே கிடப்பதை ‘உதிரி’ என்று தனி நோட்டில் எழுதுங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போவதானால் அனுமதிக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். மைக்ரோஸ்கோப்புக்குக் கல் சீவக் கொடுப்பதை டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள், பிப்ரவரியில் வரிசை நிற்கும். அப்புறம் ஓடைக்கரை, ஆடு மேய்ப்பவர் சொன்னார் என்று தீசிஸில் எழுத முடியாது. அதை இத்தனை வருடம் மனதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

கிணற்றடி:
ஏன் எழுத முடியாது? வருடம் முழுக்க அந்த ஓடையில் நடப்பவர் அவர். 1862-ல் பிளான்ஃபோர்டு என்ற ஜியாலஜிஸ்ட் காரைப் பக்கத்துப் பாறைகளைப் பற்றி எழுதினார், அப்போது சேகரித்த ஃபாசில்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து விவரித்தவர் ஸ்டோலிச்கா என்ற ஃபாசில் ஆய்வாளர். எடுத்தவர் எழுதிய சீட்டை நம்பித்தானே அவர் வேலை செய்திருக்க முடியும்? சீட்டில் தப்பென்றால் எல்லாம் தப்பு. பெரியவர் திருத்தியது சீட்டைத்தான்.

ஓடைக்கரை:
கல்சுத்தி, அவர் பெயரை மேற்கோள் காட்டுவது அல்ல விஷயம். மேலடுக்கு பிறகு படிந்தது, அதனால் மேலிருந்து உருண்டது என்றால் அது அடுக்கு 7-ஐ விட இளையது, நான் அந்த அடுக்குக்கே வயதைக் குறைத்து எழுதிவிட்டேன். இப்போது ஒரு ஜூனியர் அதே ஓடையில் என் அட்டவணையை வைத்து வேலை செய்கிறான். போன வாரம்தான் போனில் பேசினேன், அடுக்கு 7-ஐ நம்பாதே என்று சொல்லிவிட்டேன். பொங்கல் லீவில் இரண்டு பேரும் போகிறோம். கல்லையும் எடுத்துப் போகிறேன். பெரியவர் இருந்தால் முதலில் அவரிடம் காட்டிக் கேட்க வேண்டும், அந்த மேடு எது என்று.