தவக்கால அன்பியக் கூட்டம்: ஒதுக்கப்பட்டவர்களிடம் துன்பத்தைப் பற்றி என்ன பேசுவது?

தேவகோட்டை அன்பியம்
தவக்காலத்தில் ஒரு மாலை, துன்பமும் புறக்கணிப்பும் பற்றி எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) பகிர வேண்டும். முக்கால் மணி நேரம், இருபது பேர். கணவரை இழந்ததால் விசேஷ வீடுகளில் பின்னால் நிறுத்தப்படுகிறவர்கள், நெடுநாள் நோயாளிகள் எல்லாம் வருவார்கள். "ஆண்டவர் சோதிக்கிறார், பொறுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. எந்த வாசகம் எடுக்கலாம்? ஓரியூரில் கொல்லப்பட்ட மறைபரப்பாளர் அருளானந்தரைச் சொல்லலாமா?

மறைக்கல்வி காரைக்குடி
யோவான் 9. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்கிறார்கள், இவனுமில்லை, பெற்றோருமில்லை என்கிறார் இயேசு. பலர் அந்த 3-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது 34, 35. பார்வை பெற்றவனை வெளியே தள்ளுகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட இயேசு அவனைத் தேடிப் போகிறார். தள்ளியது கடவுள் இல்லை, தேடிப் போனவர்தான் கடவுள் என்பது அங்கே தெளிவாகும். அதிகாரத்தில் 41 வசனங்கள். குரல் பிரித்து வாசித்தால் யாரும் சோர மாட்டார்கள்.

பிறகு திருப்பாடல் 22. சிலுவையில் இயேசு எடுத்த முதல் வரியோடு விடாமல் 21 வரை நிதானமாக வாசித்து, ஒரு நிமிடம் மௌனம், அதன்பின் மீதி. அந்த மௌனத்தை விட்டுவிட்டுப் புகழ்ச்சிக்குத் தாவினால், அழ வந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். புகழவே முடியாத நிலையில் இருப்பவருக்கு 88 இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. அதற்குப் பின்னால் உற்சாகப் பாட்டு வைக்காதீர்கள்.

பழைய திருப்புதல் வாசகர்
"வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று" (சங்கீதம், அதாவது திருப்பாடல் 118:22). இந்த "ஆகாது" நம் பக்கத்து வீடுகளில் தினமும் புழங்கும் சொல். "அவ எதிர்ல வந்தா ஆகாது" என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. 1 பேதுரு 2:4, 5-ஐயும் சேர்த்து வாசியுங்கள். தள்ளப்பட்ட கல்லிடம் வருகிறவர்களும் ஜீவனுள்ள கற்களாகக் கட்டப்படுகிறார்கள் என்கிறார் பேதுரு.

ஓரியூர் யாத்திரை
அருளானந்தரைச் சொல்லலாம், முழுதாகச் சொல்லுங்கள். 1686-லேயே கைதாகி வதைபட்டவர், ஐரோப்பா போய்விட்டு மறுபடியும் மறவ நாட்டுக்கே (இராமநாதபுரம் பகுதி) வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். திருமுழுக்குக்காக மறவ நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் அந்நாட்டு மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட்டதில்தான் கைது தொடங்கியது. அவரை வில்லியாக்கிக் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒதுக்கப்பட்ட பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அப்படிச் சொன்னால் மனம் புண்படும். அவருடைய வலியும் வலிதான் என்று ஒரு வாக்கியமாவது சேர்க்க வேண்டும்.

தேவகோட்டை அன்பியம்
மிக்க நன்றி. வந்தவர்களைச் சாட்சி சொல்லச் சொல்லலாமா?

மறைக்கல்வி காரைக்குடி
வேண்டாம், தானாகப் பேசினால் கேளுங்கள். எல்லாம் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் சும்மா உடன் உட்கார்ந்திருந்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் (42:7) கடவுள் கோபிப்பது அவர்கள்மீதுதான். இன்னொன்று: முதல் மெழுகுதிரியை, விசேஷங்களில் விளக்கேற்ற அழைக்கப்படாத ஒருவரை ஏற்றச் சொல்லுங்கள். முந்தின நாளே தனியாகக் கேட்டுவிடுங்கள், எல்லார் முன்னாலும் திடீரென்று கூப்பிட வேண்டாம். மறுத்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.