டெலஸ்கோப்புல டிஎஸ்எல்ஆர் கேமரா மாட்டினா ஃபோகஸ் ஆகல, துருவ நட்சத்திரமும் தெரியல. உதவுங்க!

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன். 130 மிமீ நியூட்டோனியன் (கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்), வானம் சுத்துறதுக்கு ஏத்தபடி அதைத் திருப்புற ஈக்யூ மவுன்ட், பழைய கேனான் கேமரா, அதை டெலஸ்கோப்புல மாட்ட டி-ரிங் இருக்கு.

ஐபீஸ்ல (கண் வெச்சுப் பாக்குற லென்ஸ்) போனை வெச்சு எடுத்தா நிலாவோட பள்ளமெல்லாம் அழகா வருது. கேமராவை மாட்டினாதான் வம்பு. ஃபோகசரை (ஃபோகஸ் பண்ண உள்ள-வெளிய நகர்த்துற குழாய்) முழுசா உள்ள தள்ளியும் மங்கலாவே நிக்குது. உருவத்தை ரெண்டு மடங்கு பெருசாக்குற 2x பார்லோ லென்ஸ் போட்டா தெளிவாகுது. ஆனா எஃப்/5 எஃப்/10 ஆகி வெளிச்சம் குறைஞ்சிடுதே, ஓரியன் நெபுலாவுக்கு நாலு மடங்கு எக்ஸ்போஷர் வேணும், என் மவுன்ட் தாங்காது. முதன்மைக் கண்ணாடியைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தலாமா, இல்ல உயரம் கம்மியான ஃபோகசர் வாங்கணுமா? கண்ணாடியில கைவைக்கத்தான் பயமா இருக்கு.

இன்னொண்ணு. மவுன்ட்டைத் துருவ நட்சத்திரத்தைப் பாத்துத்தான் சரியா திருப்பி வைக்கணும். நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல சுமார் 12 டிகிரிதான். பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் அதை மறைச்சிடுது. துருவ நட்சத்திரம் தெரியாமலே, வேற நட்சத்திரம் நகர்றதை வெச்சு மவுன்ட்டைச் சரிபண்ற டிரிஃப்ட் அலைன்மென்ட் பழகினவங்க யாராவது கடலூர், புதுச்சேரி பக்கம் இருந்தா சொல்லுங்க, டெலஸ்கோப்பைத் தூக்கிட்டு நானே வந்துடறேன்.