வேலூரில் ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்தில் நிறுத்திய காரைக் காணோம், உடனே என்ன செய்யணும்?

போளூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். அம்மாவை சிஎம்சிக்கு செக்கப்புக்குக் கூட்டிட்டு வந்தோம். காலைல எட்டு மணி வாக்குல ஆற்காடு ரோட்டுக்குப் பின்னாடி லாட்ஜுங்க இருக்கிற ஒரு சந்துல, யார் வாசலையும் மறைக்காம ஓரமா காரை நிறுத்தினேன். வெள்ளை ஸ்விஃப்ட், டிஎன் 25 வண்டி. மருந்து வாங்கிட்டு மூணரைக்கு வந்து பார்த்தா அந்த இடத்துல ஒரு ஆட்டோ நிக்குது. அடுத்தடுத்த சந்தெல்லாம் பார்த்தாச்சு. சாவி என் பாக்கெட்லதான் இருக்கு. கீழே கண்ணாடித் துகள்கூட இல்ல. எதிர்ல இட்லிக்கடை வெச்சிருக்கிற அக்காவைக் கேட்டா, மத்தியான வியாபாரத்துல கவனிக்கலப்பான்னு சொல்றாங்க.

அம்மாவோட பழைய ஸ்கேன், ரிப்போர்ட் ஃபைல் எல்லாம் பின் சீட்லயே இருக்கு. அவங்களுக்கு விஷயத்தை இன்னும் சொல்லல. மச்சான்கூட லாட்ஜ்ல உட்கார வெச்சிருக்கேன். டிராஃபிக் போலீஸ் இழுத்துட்டுப் போயிருப்பாங்களா, இல்ல திருட்டுதானா? எங்கிருந்து ஆரம்பிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தோட்டப்பாளையம் வாசி:
தம்பி, முதல்ல 100 இல்லன்னா 112க்குப் போன் போட்டு வண்டி நம்பரைச் சொல்லுங்க. டிராஃபிக்ல தூக்கியிருந்தா கண்ட்ரோல் ரூம்லயே விசாரிச்சுச் சொல்லிடுவாங்க. நிறுத்தக் கூடாத இடத்துல நிக்கிற வண்டியை இழுத்துட்டுப் போக மோட்டார் வாகனச் சட்டம் 127வது பிரிவுல இடம் இருக்கு, இழுத்த செலவும் நம்ம தலையிலதான். பரிவாகன் இ-சலான் பக்கத்துல நம்பரைப் போட்டு இன்னிக்குத் தேதியில ஏதாவது ஏறியிருக்கான்னும் பாருங்க.

இன்னொரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி மேல லோன் இருக்கா? தவணை பாக்கின்னு ஃபைனான்ஸ்காரங்க ஆள் விட்டுத் தூக்கினதும் இந்தப் பக்கம் நடந்திருக்கு.

போன் பேசினு இருக்கும்போதே மச்சானை அந்தச் சந்துல கேமரா வெச்சிருக்கிற லாட்ஜ், மெடிக்கல் ஷாப் எல்லாத்துக்கும் அனுப்புங்க. இப்பவே. ராத்திரி ஷிஃப்ட் மாறிட்டா பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆள் இருக்க மாட்டார், நாள் போனா பழைய பதிவு மேலயே புதுசு ஏறிடும்.

ஓய்வு ஏட்டு:
மேலே சொன்னதுக்கெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க. இழுக்கல, ஃபைனான்ஸும் இல்லன்னு தெரிஞ்ச உடனே ஸ்டேஷனுக்குப் போயிடுங்க. நாலு நாள் தேடிட்டுப் புகார் கொடுக்கலாம்னு இருக்கிறவங்களைச் சர்வீஸ்ல நிறையப் பார்த்திருக்கேன். அந்த நாலு நாள்ல வண்டி மூணு மாநிலம் தாண்டிடும்.

புகாரை வீட்டுக்கு லெட்டர் போடற மாதிரி எழுதாதீங்க. வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், நிறம், எங்கே என்ன அடையாளத்துக்குப் பக்கத்துல நிறுத்தினீங்க, கடைசியாப் பார்த்த நேரம், இல்லன்னு தெரிஞ்ச நேரம், உள்ளே என்னென்ன இருந்துச்சு, இவ்வளவும் வேணும். பம்பர்ல கீறல், கண்ணாடியில சாமி ஸ்டிக்கர்னு நீங்க மட்டும் அடையாளம் சொல்லக் கூடியது இருந்தா அதைக் கட்டாயம் எழுதுங்க. நம்பர் பிளேட்டை மாத்தின பிறகு அதுதான் பேசும். யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கன்னு தெளிவா எழுதுங்க. ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணுல சீல் வாங்கிக்கங்க.

முதல்ல சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வந்துச்சுங்கிறதுக்கான ரசீது கொடுப்பாங்க. வாங்கிக்கங்க, ஆனா அதோட திருப்தியாகி ஊருக்குப் போயிடாதீங்க. எஃப்ஐஆர் வேணும். பாரதிய நியாய சன்ஹிதா 303(2), பழைய ஐபிசி 379தான் அது. எஃப்ஐஆர் நகல் இலவசம். வடக்கு ஸ்டேஷன் எல்லையா தெற்கு ஸ்டேஷன் எல்லையான்னு குழப்பம் வந்தா அலையாதீங்க, எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு பண்ணணும்னு பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ல இருக்கு. பதிய மறுத்தா அதே பிரிவுல எஸ்பிக்குத் தபால்ல அனுப்ப வழி இருக்கு. பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது, பதறாம பேசுங்க.

போளூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க ஐயா. கண்ட்ரோல் ரூம்ல கேட்டாச்சு, இழுக்கலைன்னு சொல்லிட்டாங்க. லோன் போன வருஷமே முடிஞ்சுது.

ஒரு லாட்ஜ் மேனேஜர் கேமராவைப் போட்டுக் காட்டினார். 12.40க்கு ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தன் எங்க வண்டி மேல சாஞ்சுக்கிட்டுப் போன் பேசறான், இன்னொருத்தன் டிரைவர் சைடு கதவுகிட்ட குனியறான். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் ஏறி நிதானமா ரிவர்ஸ் எடுத்துட்டுப் போறாங்க. பக்கத்துலயே ஜனங்க நடந்து போறாங்க, யாருக்குமே சந்தேகம் வரல. பென்டிரைவ்ல வாங்கிட்டேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன். ஆர்சி ஒரிஜினல் வண்டிக்குள்ள மாட்டிக்கிச்சு, சேசிஸ் நம்பருக்கு என்ன பண்றது?

சத்துவாச்சாரி ஏஜென்ட்:
டிஜிலாக்கர்லயோ எம்பரிவாகன்லயோ ஆர்சி எடுத்துடுங்க, சட்டப்படி அது செல்லும். பாலிசி தாள்லயும் சேசிஸ், இன்ஜின் நம்பர் இருக்கும்.

நான் இன்சூரன்ஸ் பக்கம் வேலை பார்க்கிறவன். முதல்ல பாலிசி எந்த வகைன்னு பாருங்க. வெறும் தேர்டு பார்ட்டின்னா திருட்டுக்கு ஒரு பைசா வராது. நம்ம வண்டிக்கும் சேர்த்துப் போட்ட காம்ப்ரிஹென்சிவ்னா இன்னிக்கே கம்பெனி டோல் ஃப்ரீ நம்பர்ல சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்குங்க. தாமதமாச் சொன்னாங்கன்னு க்ளெய்மைத் தள்ற வழக்கம் உண்டு. எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தா, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாதுன்னு 2020ல குர்ஷிந்தர் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதுக்காக வழக்கு வரைக்கும் ஏன் போகணும், ஒரு போன்தானே.

ரெண்டாவது சாவி எங்கே இருக்கு? போளூர் வீட்ல இருந்தா பத்திரமா எடுத்து வைங்க. ரெண்டு சாவியையும் கேட்பாங்க. ஒண்ணு இல்லன்னா அங்கேயே க்ளெய்ம் இழுக்க ஆரம்பிச்சுடும். வண்டி கிடைக்கவே இல்லன்னா போலீஸ்ல கண்டுபிடிக்க முடியலைன்னு சர்டிஃபிகேட் வாங்கணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும். பிறகு பாலிசியில போட்டிருக்கிற ஐடிவி தொகை (வண்டிக்குன்னு பாலிசியில குறிச்ச மதிப்பு), அதுல கட்டாயக் கழிவு போக வரும். ஸ்விஃப்ட்டுக்கு அந்தக் கழிவு 1000 ரூபாய். லோன் முடிஞ்சாலும் ஆர்சியில பேங்க் பேர் இன்னும் இருந்தா லோன் முடிஞ்சுதுன்னு பேங்க் கொடுத்த என்ஓசி, ஆர்சியில இருந்து பேங்க் பேரை எடுக்கிற ஃபார்ம் 35 தேடி வைங்க, நிறையப் பேர் இதுலதான் மாட்டுறாங்க.

ஃபாஸ்டேக் இருக்கா? அதை பிளாக் பண்ணிடாதீங்க. எல்லாரும் பதட்டத்துல முதல் வேலையா அதைத்தான் பண்றாங்க. நாலு டோல் காசு போனாப் போகட்டும், வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு நமக்குச் சொல்ற ஒரே பொருள் அதுதான்.

போளூர்க்காரன்:
ஃபாஸ்டேக் இருக்குங்க! ஆனா அது மாமா நம்பர்ல பதிஞ்சது, வண்டி முன்னாடி அவர் பேர்லதான் இருந்துச்சு. அவர் மெசேஜே பார்க்க மாட்டார். இப்பதான் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொன்னேன். மத்தியானம் 1.25க்கு பள்ளிகொண்டா டோல்கேட்ல காசு பிடிச்சிருக்கு. அதுக்கப்புறம் எதுவும் இல்ல. மணி இப்ப ஆறு.

ஓய்வு ஏட்டு:
இது பெரிய தகவல். மாமா போன்ல இருந்து ஸ்கிரீன்ஷாட் வாங்கி உடனே ஸ்டேஷன்ல காட்டுங்க. டோல்கேட்ல ஒவ்வொரு லேனுக்கும் கேமரா இருக்கு, போலீஸ் கேட்டால் பதிவைக் கொடுப்பாங்க. நீங்களே அங்கே போய்க் கேட்டா தர மாட்டாங்க, அந்த வேலை வேண்டாம்.

கணக்கு போட்டுப் பாருங்க. பள்ளிகொண்டா தாண்டி பெங்களூர் ரோட்லயே போயிருந்தா ரெண்டு மணிக்கு மேல வாணியம்பாடி டோல்கேட்ல காசு பிடிச்சிருக்கணும். பிடிக்கலைன்னா ஒண்ணு ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டான், இல்ல நடுவுல ஹைவேயை விட்டு இறங்கிட்டான். நடுவுல என்ன இருக்கு? மாதனூர்ல இருந்து குடியாத்தம் ரோடு பிரியுது. ஆம்பூர்ல இருந்து பேரணாம்பட்டு ரோடு. பேரணாம்பட்டு தாண்டி மலை ஏறினா வி.கோட்டா, ஆந்திரா. திருட்டு வண்டி பார்டரைத் தாண்டத்தான் பார்க்கும். இந்த ஊர் பேரையெல்லாம் விசாரிக்கிற அதிகாரிகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க, ஆம்பூர், குடியாத்தம், பேரணாம்பட்டு ஸ்டேஷன்களுக்கு மைக்ல தகவல் போகட்டும். அவங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா பக்கத்துல நின்னு கேட்கிறவன் வேலை கொஞ்சம் சீக்கிரம் நடக்கும்.

காட்பாடி டிராவல்ஸ்:
எங்க டிரைவர் குரூப்ல போட்டுட்டேன், சித்தூர், வி.கோட்டா பக்கம் ஓட்டுற பசங்களும் அதுல இருக்காங்க. நீங்களும் வாட்ஸ்அப்ல போடுங்க அண்ணே, ஆனா தொடர்புக்குன்னு ஸ்டேஷன் நம்பரைப் போடுங்க. உங்க நம்பரைப் போட்டா ராத்திரியே எவனாவது கூப்பிட்டு, வண்டி எங்ககிட்ட இருக்கு, அஞ்சாயிரம் ஜிபே பண்ணுன்னு ஆரம்பிச்சுடுவான். எங்க வண்டி ஒண்ணு போனப்போ அப்படித்தான் ஆச்சு. ஒரு ரூபாகூட அனுப்பாதீங்க.

போளூர்க்காரன்:
எஃப்ஐஆர் ஆயிடுச்சு, நகல் கையில இருக்கு. இன்சூரன்ஸ்லயும் சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்கிட்டேன். அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். வண்டி போனாப் போகட்டும், ஸ்கேன் போச்சேன்னுதான் அவங்க கவலை.

லாட்ஜ் கவுண்டர்:
அம்மாவைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க தம்பி. ஆஸ்பத்திரி நம்பர் ஞாபகம் இருந்தா இங்கேயே எடுத்த ஸ்கேன், ரிப்போர்ட் பதிவு அவங்ககிட்ட இருக்கும், ரெக்கார்ட்ஸ் பிரிவுல கேளுங்க. நம்பர் இல்லன்னா பழைய பில் ஏதாவது வீட்ல இருக்கும், அதுல போட்டிருக்கும். வெளியில எடுத்த ஸ்கேனுக்கு அந்த ஸ்கேன் சென்டர்லயே கேட்கணும்.

போளூர்க்காரன்:
நல்ல செய்தி. இன்னிக்குச் சாயந்திரம் ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. பேரணாம்பட்டு தாண்டி ரோட்டோரம் புளியமரத்தடியில வண்டி நின்னிருக்கு. முன்னாடி பிளேட் இல்ல, ஸ்டீரியோவும் பேட்டரியும் ஸ்டெப்னியும் போச்சு, ஸ்டீயரிங் கீழே ஒயரெல்லாம் தொங்குது. டிக்கியில ஒட்டியிருந்த முருகர் வேல் ஸ்டிக்கரை வெச்சுத்தான் நேத்து ராத்திரி ரோந்து போனவங்க உறுதி பண்ணியிருக்காங்க. ஃபைல் பின் சீட்ல அப்படியே இருக்காம்! ஏட்டையாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

வண்டியை எப்படி எடுக்கிறது? கோர்ட்டுக்குப் போகணும்னு சொல்றாங்க.

வக்கீல் குமாஸ்தா:
ஆமாம், வழக்குச் சொத்து ஆயிடுச்சு, ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வர முடியாது. எஃப்ஐஆர் எந்தக் கோர்ட்டுக்குப் போயிருக்கோ அந்த மாஜிஸ்திரேட்கிட்ட வண்டியை ஒப்படைக்கச் சொல்லி மனு போடணும், உங்க கேஸ்ல அது சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல வரும். பிஎன்எஸ்எஸ் 497, 503, பழைய சிஆர்பிசி 451, 457தான். ஆர்சி, இன்சூரன்ஸ், ஆதார் நகல் வைங்க. வண்டியை விக்க மாட்டேன், கேட்கும்போது கொண்டு வருவேன்னு பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வாங்க, ஜாமீன்தாரரும் கேட்கலாம். ஸ்டேஷன் வாசல்ல வண்டியைத் துருப்பிடிக்க விடக் கூடாது, போட்டோ எடுத்து, பஞ்சநாமா (சாட்சிங்க முன்னாடி எழுதற விவரக் குறிப்பு) போட்டுட்டு உரியவங்ககிட்ட சீக்கிரம் கொடுக்கணும்னு 2002லயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, மனுவில அதைக் குறிப்பிடச் சொல்லுங்க. ஸ்கேன் ஃபைல் சிகிச்சைக்கு அவசரம்னு அதே மனுவில தனியாக் கேளுங்க.

சத்துவாச்சாரி ஏஜென்ட்:
வண்டி கிடைச்சதை இன்சூரன்ஸ்ல சொல்லிடுங்க. திருட்டு க்ளெய்ம் போய், காணாமப் போன பாகங்களுக்கும் உடைஞ்சதுக்கும் டேமேஜ் க்ளெய்மா மாறும். கோர்ட் ஆர்டர் வந்து வண்டியை எடுத்ததும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒயரை முடிச்சுப் போட்டு ஓட்டிட்டு வந்துடாதீங்க. ரெக்கவரி வண்டியில ஏத்தி நேரா சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க, சர்வேயர் பார்த்த பிறகுதான் கை வைக்கணும். லாக் செட்டை மாத்தி, சாவியைப் புதுசா கோட் பண்ணி, பழைய கோடை அழிக்கச் சொல்லுங்க. அவங்க சாவியே இல்லாம கிளப்பியிருக்காங்க, டூப்ளிகேட் போட்டு வெச்சிருந்தா திரும்ப வர எவ்வளவு நேரம் ஆகும்? ஃபாஸ்டேக்கையும் உங்க நம்பருக்கு மாத்திடுங்க.