சேகா பழகிய காதுக்கு நாதஸ்வரம்

ரோஸ்ஹில்காரர்: மொரிஷியஸ் பிள்ளைகளுக்குத் தீவின் நாட்டுப்புற ஆட்ட இசையான சேகா கேட்டால் கால் தானாக ஆடுகிறது, கோயில் நாதஸ்வரத்தைக் "கத்தல்" என்கிறார்கள். ரசனையைப் பழக்க முடியுமா?

தாளப்பித்தன்: முடியும். சேகா பெரும்பாலும் ஆறெட்டுத் (6/8) தாளம். ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். அதனால் அதேபோல அடி மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை உருப்படியில் (பாடலில்) தொடங்குங்கள். ஐந்து நிமிட உருப்படி ஒன்றையே இரண்டு வாரம், கைத்தாளம் போட்டபடி கேட்கட்டும். பலர் ராகத்தை மட்டும் விரிக்கும் நீண்ட ஆலாபனையில் ஆரம்பித்துக் கெடுக்கிறார்கள். அதில் தாளமில்லை, புதுக் காதுக்குப் பிடி கிடைக்காது. சுரத்தை அசைக்கும் கமகமோ சுருதி பிசகியதுபோலத் தோன்றும். மூடிய அறையில் நாதஸ்வரம் வேண்டவே வேண்டாம், அது திறந்தவெளி வாத்தியம். முதலில் புல்லாங்குழல்.

கேள்விஞானி: பழக்கத்தின் பங்குக்கு ஆதாரம் உண்டு. மேற்கத்தியக் காதுக்கு உறுத்தும் சுரச்சேர்க்கையையும் இனிய சேர்க்கையையும் பொலிவியாவின் சிமானே மக்கள் ஒரேபோல ரசித்ததாக 2016-இல் ஆய்வு வந்தது. ஆனால் ஒன்றையே அளவுமீறிப் போட்டால் சலித்துவிடும்.

தாளப்பித்தன்: சலித்தால் உருப்படியை மாற்றுங்கள், ராகத்தை அல்ல.