மைனஸ் 5 குளிருக்கு சிந்தெடிக் ஸ்லீப்பிங் பேக்: லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். பனிக்காலத்தில் ஐந்து இரவு டென்ட்டில் தங்கி நடக்கும் பயணம். இரவில் மைனஸ் 5 வரை இறங்கலாம், ஈரப்பனி வேறு. டவுன் (பறவையின் மென்மையான இறகு) அடைத்த பேக் நனைந்தால் இறகு கட்டி கட்டியாகிச் சூடு போய்விடும் என்பதால் செயற்கை இழை அடைத்த சிந்தெடிக்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நான் பார்த்து வைத்திருக்கும் பேக்கின் பெயரிலேயே மைனஸ் 9 என்று இருக்கிறது, ஆனால் லேபிளில் கம்ஃபர்ட் மைனஸ் 3, லிமிட் மைனஸ் 9, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 27 என்று மூன்று எண்கள். எனக்குச் சீக்கிரம் குளிரும். இது போதுமா?

பதில் 1:
போதாது. அந்த எண்கள் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறைப்படி, சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்க வைத்து அளந்து கணக்கிட்டவை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அளவு. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகக் கைகால் நீட்டித் தூங்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் எண்ணை மறந்தே விடுங்கள், அது உயிர் பிழைப்பதைப் பற்றியது, அந்த நிலையில் பனிக்கடியே வரலாம். சீக்கிரம் குளிரும் உடம்பென்றால் கம்ஃபர்ட் எண்ணே மைனஸ் 8, மைனஸ் 10 இருக்கிற பேக்கை எடுங்கள். எடை கூடும், பையில் பாதி இடத்தை அதுவே பிடிக்கும், சிந்தெடிக்கில் அதைத் தவிர்க்க முடியாது.

பதில் 2:
அடியில் விரிக்க மேட் என்ன வைத்திருக்கிறீர்கள்? நம் எடையில் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், அங்கே காற்று நிற்காது, அதனால் தரையின் குளிரைத் தடுப்பது முழுக்க மேட்தான். நான் ஒருமுறை நல்ல பேக்கோடு கோடைகால மேட்டை எடுத்துப் போய் விடிய விடிய முதுகு விறைத்துக் கிடந்தேன். பனித்தரைக்கு ஆர்-வேல்யூ (மேட் குளிரைத் தடுக்கும் திறனின் எண்) 5 பக்கம் வேண்டும். ஆர்-வேல்யூ கூட்டிக்கொள்ளக்கூடியது, 3 உள்ள காற்று மேட்டுக்கு அடியில் 2 உள்ள ஃபோம் மேட்டைப் போட்டால் 5 ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மேட் 3 தான், ஃபோம் ஒன்று சேர்க்கிறேன். ஏற்கெனவே கம்ஃபர்ட் பிளஸ் 5 டிகிரி டவுன் பேக் ஒன்று இருக்கிறது, அதன் மேல் மெல்லிய சிந்தெடிக் குயில்ட் (பஞ்சுப் போர்வை போன்றது) போர்த்தினால் சரியாகுமா?

பதில் 3:
ஐந்து இரவுக்கு எனக்குப் பிடித்த வழியே அதுதான். இரவெல்லாம் உடம்பிலிருந்து கிளம்பும் நீராவி வெளிப்பக்கக் குளிரைத் தொட்டதும் ஈரமாக மாறும். டவுன் மட்டும் இருந்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, நாளுக்கு நாள் பேக் தட்டையாகிக்கொண்டே வரும். மேலே சிந்தெடிக் இருந்தால் ஈரம் பெரும்பாலும் அதில் தங்கிவிடும், அது ஈரத்திலும் ஓரளவு உப்பலாகவே நிற்கும், சீக்கிரம் காய்ந்தும் விடும். ஆனால் மெல்லிய குயில்ட் பத்து டிகிரியை ஈடுகட்டாது, தடிமனானதாகப் பாருங்கள், அகலமும் தாராளமாக இருக்கட்டும், இறுக்கமாக இருந்தால் உள்ளே டவுன் நசுங்கிவிடும். மூச்சைப் பேக்குக்குள் விடாதீர்கள், அது அத்தனையும் ஈரம். அப்புறம், வீட்டில் குயில்ட்டை அமுக்கிக் கட்டி வைக்காதீர்கள், சிந்தெடிக் இழை நசுங்க நசுங்க உப்பல் திரும்பவே வராது. முதலில் ஒரு இரவு வெளியே படுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.