நடைபாதைப் பனிக்கட்டி யார் பொறுப்பு?

மேடிசனில் (அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம்) வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு தனி வீட்டில் இருக்கிறோம், முனை வீடு என்பதால் இரண்டு தெரு நடைபாதையும் எங்கள் பக்கம். பனி நின்ற மறுநாள் மதியம் 12 மணிக்குள் சுத்தம் செய்யவேண்டும், பொறுப்பு உரிமையாளருக்கு என்பது நகர விதி. அவரோ, ஒப்பந்தப்படி அது உங்கள் வேலை என்கிறார் (தேடிப் பார்த்தேன், 'தோட்டப் பராமரிப்பு' என்று ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்!). நேற்று கூரைத் தண்ணீர் குழாய் வழியே வழிந்து வாசலுக்கு எதிரே கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது, தபால்காரர் வழுக்கி, வேலியைப் பிடித்துத் தப்பினார். உப்பு போட்டேன், மைனஸ் 15 டிகிரிக் குளிரில் அது அப்படியே கல்லாகக் கிடக்கிறது. நகராட்சி இலவசமாகத் தரும் மணலுக்கு வாளி நாமே கொண்டுபோக வேண்டுமா? அப்புறம், அபராதம் வந்தால் யார் பெயருக்கு வரும்?