கலைச்சொல் வேண்டும்: காலிலிருந்து இடுப்புக்கு ஒதுங்கும் வலி

மடல் 1 (இயன்முறை மருத்துவர்)

அனைவருக்கும் வணக்கம். கடுமையான இடுப்புவலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிக் குறிப்பு ஒன்று தமிழில் தயாராகிறது. ‘சென்ட்ரலைசேஷன்’ என்ற இடத்தில் வந்து முட்டி நிற்கிறது.

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி கவனித்தது இது. கால்வரை வலி இருந்த ஒருவர், தலைமாடு உயர்த்தியிருந்த படுக்கையில் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்த நிலையிலேயே கால்வலி விலகிவிட்டது. கெண்டைக்காலில் இருக்கும் வலி தொடைக்கும், பிறகு பிட்டத்துக்கும், கடைசியில் இடுப்பின் நடுவுக்கும் ஒதுங்குவதுதான் சென்ட்ரலைசேஷன். அப்போது இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் நல்ல அறிகுறியே. இதற்கு எதிரானது ‘பெரிஃபெரலைசேஷன்’: வலி கீழே கீழே போவது. பயிற்சியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று படிப்பவர் முடிவெடுப்பது இதை வைத்துத்தான்.

இப்போதைக்கு ‘மையப்படுதல்’, ‘புறப்படுதல்’ என்று போட்டிருக்கிறேன்.

மடல் 2 (அகராதித் தொகுப்பாளர்)

> ‘மையப்படுதல்’, ‘புறப்படுதல்’

புறப்படுதல் கூடவே கூடாது ஐயா. “வலி புறப்பட்டுவிட்டது” என்று படித்தால் தொல்லை விட்டது என்றுதான் மகிழ்வார்கள்! ‘மைய’ என்ற அடையையும் தவிர்க்கலாம். மூளையும் தண்டுவடமும் வலியை மிகைப்படுத்தி உணர்வதைக் குறிக்கும் சொல்லுக்கு அது தேவைப்படும். அது முற்றிலும் வேறு சங்கதி.

வலி பிடித்திருக்கும் பரப்புதானே மாறுகிறது? ‘வலி குறுகல்’, ‘வலி நீளல்’ எப்படி?

மடல் 3 (எலும்பு மருத்துவர்)

குறுகல் என்ற சொல்லைத் தண்டுவடக் கால்வாய் குறுகலுக்கு, அதாவது முதுகெலும்புக்குள் தண்டுவடம் செல்லும் வழி இடுங்கிப்போவதற்கு, ஏற்கெனவே எழுதிவருகிறோம். இங்கே அந்தக் குழப்பம் ஆபத்தானது. கால்வாய் குறுகியவர்களுக்குப் பெரும்பாலும் முன்னே குனிந்தால், உட்கார்ந்தால் கால்வலி தணியும். நின்றால், நடந்தால், பின்னே வளைந்தால் கூடும். குப்புறப் படுத்து முதுகை வளைக்கும் பயிற்சி அவர்களில் பலருக்கு ஒத்துவராது. “குறுகல் நல்லது” என்று ஒரு பக்கத்திலும் “குறுகல் இருந்தால் செய்யாதே” என்று மறுபக்கத்திலும் எழுத முடியாது. நீளல் என்றால் வலி நெடுநாள் நீடிப்பதாகவும் கொள்வார்கள்.

யாராவது ‘வலி இறக்கம்’ என்று சொல்லுமுன் நானே மறுத்துவிடுகிறேன். காலில் இறங்குவதா, அளவில் இறங்குவதா? கெட்ட அறிகுறிக்கு நல்ல செய்திபோல் ஒலிக்கும் பெயர் வேண்டாம்.

மடல் 4 (மருத்துவ மொழிபெயர்ப்பாளர்)

‘ஒடுங்கல்’ என்றால் வலியின் வேகமும் அடங்கியதாகப் பொருள்படும். இடுப்பில் வலி கூடலாம் என்பதோடு அது ஒட்டாது. ‘மேலேறல்’ என்றால் முற்றுவதாக நினைப்பார்கள். பிடித்த இடத்தை விட்டுத் திரும்புவதற்குப் ‘பின்வாங்கல்’ பொருந்துகிறது. எதிர்ச்சொல் ‘படர்தல்’. வலி பின்வாங்கல் × வலி படர்தல். கழுத்திலிருந்து கைக்கு ஓடும் வலிக்கும் இதே சொற்கள் செல்லும் என்பதால் ‘கால்’ என்பதைச் சேர்க்கவில்லை.

மடல் 5 (இயன்முறை மருத்துவர்)

சொல்லைத் தனியே பார்ப்பதைவிடக் குறிப்புக்குள் வைத்துப் பார்ப்போம்:

“உறுதியான பரப்பில் குப்புறப் படுத்து, கைகளை உடலோடு ஒட்டி வைத்து, 2 முதல் 5 நிமிடம் தளர்ந்திருங்கள். வலி படராவிட்டால், முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி மார்பை உயர்த்தி 2 முதல் 3 நிமிடம் இருங்கள். அதுவும் ஒத்துவந்தால், உள்ளங்கைகளைத் தோளருகே ஊன்றி, கைகளை நீட்டி மேலுடலை உயர்த்துங்கள். 1 அல்லது 2 நொடி நின்று இறங்குங்கள். இப்படி 10 முறை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்யலாம். வலி பின்வாங்கினால் தொடருங்கள். படர்ந்தால் உடனே நிறுத்துங்கள்.”

பலர் தவறுவது மூன்றாம் படியில். பிட்டத்தை இறுக்கிக்கொண்டு முதுகுத் தசையால் எழும்புகிறார்கள். கைகள்தான் தூக்க வேண்டும். இடுப்பும் கால்களும் துவண்டு கிடக்க வேண்டும். இன்னொன்று, பயிற்சி முடிந்ததும் கூன்போட்டு உட்காருவது. பின்வாங்கிய வலி திரும்பவும் படர்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அமரும்போது இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டை வைத்துக்கொள்ளலாம்.

குப்புறப் படுக்கவே முடியாதவர் மல்லாந்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கும்படி கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துக் கிடக்கட்டும். எழும்போது ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பை 15 முதல் 20 நிமிடம் போதும். அதன்மேல் படுத்துத் தூங்கினால் தோல் வெந்துவிடும். நாள்கணக்கில் படுத்தே கிடப்பது பயன்தராது. தாங்கும் அளவுக்கு நடமாட வேண்டும்.

மடல் 6 (எலும்பு மருத்துவர்)

பின்வாங்கல், படர்தல் இரண்டுக்கும் என் ஒப்புதல். ஆனால் வரையறையில் ஓர் ஓட்டை. காலில் வலி போய் அந்த இடம் மரத்துப்போனால், அல்லது பாதத்தை மேலே தூக்க முடியாமல் போனால், அது பின்வாங்கல் அல்ல. நரம்பு மேலும் நசுங்குவதாக இருக்கலாம். எனவே வரையறை இப்படி இருக்கட்டும்: “வலி பின்வாங்கல்: மரப்போ தசை வலுக்குறைவோ கூடாமல், கடைக்கோடியில் இருந்த வலி முதுகெலும்பை நோக்கி ஒதுங்கி, ஒதுங்கிய நிலையிலேயே நிற்பது.” படுத்திருக்கும்போது ஒதுங்கி எழுந்ததும் பழையபடி ஓடினால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

குறிப்பின் தலைப்பிலேயே, பயிற்சிக்கு முன்னால், இதையும் போடுங்கள்: சிறுநீர் பிரியாமை, மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மணிநேரமே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வந்த வலி, விழுந்து அடிபட்டு வந்த வலி, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாய் வந்த வலி, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் வலி ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

மடல் 7 (அகராதித் தொகுப்பாளர்)

வரையறையோடு இரண்டு சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘கடைக்கோடி’ என்பதை மட்டும் ‘முதுகெலும்பிலிருந்து மிகத் தள்ளி’ என்று மாற்றியிருக்கிறேன்.